4கே என்ற சீட்டும் அகலத் திரையின் கணக்கும்

34 அங்குல அகலத் திரையை வாங்கி வந்து லேப்டாப்பில் செருகினால் வட்டம் முட்டையாக நீள்கிறது. சில வீடுகளில் எழுத்து மங்கித் தெரிகிறது. வேறு சில வீடுகளில் திரை அவ்வப்போது இருண்டு மீள்கிறது. கடையில் கேட்டால் “டிரைவர் போடுங்க” என்கிறார்கள். அலுவலக உதவி எண்ணில் கேட்டால் “மானிட்டரை மாத்திப் பாருங்க” என்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பையன் வந்து ரெசல்யூஷனை இறக்கிவைத்து “இப்ப சரியாயிட்டுது” என்று போய்விடுகிறான். இந்த மூன்று யோசனைகளும் பெரும்பாலான நேரங்களில் நோயைத் தொடுவதே இல்லை. எந்த வைத்தியம் எந்த நோய்க்குப் பொருந்தும், எது பொருந்தாது, முதல் பொறுப்பு யாருடையது என்பதைக் கணக்கோடு எடைபோட வேண்டியிருக்கிறது.

பாறசாலை, காரோடு, செங்கல், உதியன்குளங்கரை போன்ற எல்லையோர ஊர்களில் இந்தச் சிக்கலுக்குத் தனி முகம் உண்டு. 1990-இல் தொடங்கிய டெக்னோபார்க் கழக்கூட்டத்தில் இருக்கிறது. பாறசாலையிலிருந்து போகிறவர் திருவனந்தபுரம் நகரத்தையே கடந்து போக வேண்டும். 2020-க்குப் பிறகு வீட்டிலிருந்து வேலை வழக்கமானபோது, இந்தத் தொலைவில் இருந்தவர்களுக்கு அது பெரிய விடுதலை. வேலைக்கான லேப்டாப்பை அலுவலகம் தருகிறது. அதன் நிர்வாக உரிமை அலுவலகத்திடமே இருக்கும். திரையை ஊழியர் சொந்தக் காசில் வாங்குகிறார். வாங்கும் கடை நெய்யாற்றின்கரையிலும் இருக்கலாம், எல்லை தாண்டிக் களியக்காவிளையிலோ மார்த்தாண்டத்திலோ இருக்கலாம். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட மானிட்டர்களுக்கு இருந்த 28 விழுக்காடு ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகக் குறைந்துவிட்டதால், 34 அங்குலத் திரை இன்னும் பல வீடுகளுக்கு எட்டும் பொருளாகியிருக்கிறது. ஆக, லேப்டாப் ஒருவருடையது, திரை இன்னொருவருடையது, கடை வேறொரு மாநிலத்தில். பழுது வந்தால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்ட இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது.

எனவே எந்த வைத்தியத்தையும் நான்கு கேள்விகளால் அளக்கலாம். அது காரணத்தைத் தொடுகிறதா? நிர்வாக உரிமை இல்லாதவரால் செய்ய முடியுமா? நாளை லேப்டாப்பை மறுபடி திறக்கும்போதும் நிற்குமா? செலவு நியாயமானதா?

முதலில் கணக்கு. 3440×1440 திரையில் 49,53,600 புள்ளிகள் உள்ளன. நொடிக்கு 60 முறை புதுப்பித்தால் புள்ளிகளுக்கு மட்டுமே 297.2 மெகாஹெர்ட்ஸ் தேவை. கேபிளில் புள்ளிகளோடு, வரிக்கும் வரிக்கும் படத்துக்கும் படத்துக்கும் நடுவில் வெற்று இடைவெளியும் பயணம் செய்கிறது. வேசா அமைப்பு வகுத்த குறுகிய இடைவெளிக் கணக்கில் வரியின் மொத்த நீளம் 3600, வரிகள் 1481. அதன்படி தேவை 319.75 மெகாஹெர்ட்ஸ்.

இப்போது லேப்டாப்பின் பக்கம் வருவோம். இன்டெல் 6-ஆம் தலைமுறையிலிருந்து 10-ஆம் தலைமுறையின் காமெட் லேக் வரை, சிப்புக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் நேரடியாகத் தருவது எச்டிஎம்ஐ 1.4. அதன் உச்சம் 300 மெகாஹெர்ட்ஸ். (அதே 10-ஆம் தலைமுறையில் ஐஸ் லேக் விதிவிலக்கு; 11-ஆம் தலைமுறை முதல் நிலைமை மாறிவிட்டது.) லேப்டாப் தயாரிப்பாளர் தனியாக ஒரு மாற்றுச் சிப் வைத்திருந்தாலொழிய, இந்த மடிக்கணினிகளின் எச்டிஎம்ஐ வழியே 3440×1440 படம் 60 ஹெர்ட்ஸில் போகாது. எச்டிஎம்ஐ 1.4 தரநிலை 340 வரை அனுமதிக்கிறது என்பதால் காகிதத்தில் இடம் இருக்கிறது, சிப்பில் இல்லை. புள்ளிகளே 297-ஐ எடுத்துக்கொண்டபின், மிச்சமிருக்கும் மூன்று மெகாஹெர்ட்ஸுக்குள் இடைவெளியை எவ்வளவு நெருக்கினாலும் அடக்க முடியாது. அந்த லேப்டாப்பில் டிரைவரை எத்தனை முறை மாற்றிப் போட்டாலும் இந்த எண் நகராது.

கடைச் சீட்டின் சிக்கல் இங்கேதான் பிடிபடுகிறது. அந்த லேப்டாப்பின் விவரக் குறிப்பில் “4கே வெளியீடு” என்று இருக்கும். யூஎஸ்பி-சி-யிலிருந்து எச்டிஎம்ஐ-க்கு மாற்றும் மலிவு அடாப்டரின் அட்டையிலும் “4கே” என்றே இருக்கும். இரண்டும் பொய்யல்ல. 3840×2160 திரையை நொடிக்கு 30 முறை புதுப்பிக்க வேண்டியது சரியாக 297 மெகாஹெர்ட்ஸ். அது 300-க்குள் அடங்கிவிடுகிறது. 4கே திரையில் 82,94,400 புள்ளிகள். அகலத் திரையில் அதில் ஏறத்தாழ அறுபது விழுக்காடுதான். பெரியதைத் தாங்கும் வழி சிறியதைத் தாங்காதா என்று வாங்குகிறவர் நினைப்பது இயல்பு. சீட்டு ஹெர்ட்ஸைச் சொல்லாமல் விட்டதால் அந்த நினைப்பு தவறாகிறது. உண்மையைச் சொல்லியே தவறான முடிவுக்குத் தள்ளும் இந்தச் சீட்டுதான், என் கணிப்பில், அகலத் திரைச் சிக்கல்களின் ஊற்றுக்கண்.

எச்டிஎம்ஐ பதிப்பு எண்ணும் இதைத் தீர்க்கவில்லை. 2.0 என்ற பெயரைத் தனியாக இனி வழங்குவதில்லை என்றும், 2.1-இன் புதிய அம்சங்கள் விருப்பத்துக்கு உரியவை என்றும் எச்டிஎம்ஐ உரிம நிர்வாகம் 2021-இன் இறுதியில் உறுதிசெய்தது. அதாவது பழைய 2.0-இன் திறன் மட்டுமே உள்ள கருவியும் 2.1 என்ற பெயரோடு விற்கப்படலாம். பதிப்பு எண்ணைப் பார்த்து வாங்குவது பாதுகாப்பு தராது. இந்தத் துளையில் எத்தனை ரெசல்யூஷன், எத்தனை ஹெர்ட்ஸ் என்ற இரட்டை எண்ணே பாதுகாப்பு.

கணக்கு கையில் வந்தபின் நோய்களைப் பிரிக்கலாம். முதல் வகையில், சரியான ரெசல்யூஷன் பட்டியலிலேயே இருக்காது. இதற்குள் இரண்டு கிளைகள். 1024×768 போன்ற பழைய சதுர அளவுகள் மட்டும் தெரிந்து, விண்டோஸில் மானிட்டரின் பெயர் “ஜெனரிக் நான்-பிஎன்பி மானிட்டர்” என்று இருந்தால், திரையின் அடையாளக் குறிப்பு லேப்டாப்புக்கு வந்து சேரவில்லை. ஈடிஐடி எனப்படும் அந்தக் குறிப்பின் அடிப்படைப் பகுதி வெறும் 128 பைட்; கேபிளுக்குள் அதற்கென்றே தனிக் கம்பி இருக்கிறது. அந்தக் கம்பி அறுந்தாலோ, நடுவில் நிற்கும் சுவிட்ச் பெட்டி குறிப்பைக் கடத்தாமல் விட்டாலோ, படம் வரும், திரையின் அளவு தெரியாது. மாறாக, மானிட்டரின் பெயர் சரியாகத் தெரிந்து, 2560×1440 வரை பட்டியலில் இருந்து, 3440 மட்டும் 30 ஹெர்ட்ஸில் வந்தாலோ வராமலே போனாலோ, அது வழியின் கொள்ளளவுச் சிக்கல். 2560×1440-க்குத் தேவை 241.5 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே என்பதால் அது 300-க்குள் நுழைந்துவிடுகிறது.

இரண்டாம் வகையில் ரெசல்யூஷன் பட்டியலில் இருக்கும், தேர்ந்தெடுத்தால் நிற்காது. எச்டிஎம்ஐ-யில் கேபிள் தரம் போதாவிட்டால் புள்ளிகள் மின்னும், திரை இருண்டு திரும்பும். டிஸ்ப்ளேபோர்ட்டின் குணம் வேறு. இரு முனைகளும் முதலில் பேசி ஒரு வேகத்துக்கு ஒத்துக்கொள்கின்றன. கேபிள் தாங்காவிட்டால் ஓசையில்லாமல் கீழ் வேகத்துக்கு இறங்கிவிடுகின்றன. ஆகவே டிஸ்ப்ளேபோர்ட்டில் கேபிள் பழுது “ரெசல்யூஷன் குறைவு” என்ற வேடத்தில் வரலாம்.

மூன்றாம் வகையில் எல்லா எண்களும் சரியாக இருக்கும், எழுத்து மட்டும் மங்கும். இடம் போதாதபோது நிறத் தகவலைச் சுருக்கி அனுப்பும் வழக்கம் உண்டு. வெள்ளையில் கறுப்பு எழுத்துக்கு அதன் பாதிப்பு குறைவு; நிற எழுத்துக்கும், விண்டோஸ் எழுத்தின் ஓரத்தில் வைக்கும் நிறத் தீற்றலுக்கும் பாதிப்பு அதிகம். தமிழில் வேலை செய்கிறவர் இதை முதலில் உணர்வார். ஞ, ணை, ழு போன்ற எழுத்துகளின் நெருக்கமான சுழிகள் சிறிய அளவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன.

இந்த மூன்றையும் பிரித்தறிய எந்த நிர்வாக உரிமையும் வேண்டியதில்லை. விண்டோஸ் 11-இல் டிஸ்ப்ளே அமைப்பின் மேம்பட்ட பக்கத்தில் டெஸ்க்டாப் மோட், ஆக்டிவ் சிக்னல் மோட், கலர் ஃபார்மட் என்று தனித்தனி வரிகள் உண்டு. டெஸ்க்டாப் 3440 என்றும் சிக்னல் 2560 என்றும் இருந்தால் லேப்டாப் ஒன்றை வரைந்து வேறொன்றை அனுப்புகிறது. கலர் ஃபார்மட்டில் ஆர்ஜிபி என்பதற்குப் பதில் 420 என்று இருந்தால் மங்கலின் காரணம் கைக்கு வந்துவிட்டது. பிறகு மானிட்டரின் சொந்த மெனுவைத் திறந்து, அதற்கு வந்து சேரும் சிக்னல் என்ன என்று பார்க்க வேண்டும். அனுப்பியவர் கணக்கும் பெற்றவர் கணக்கும் ஒத்துப்போகிறதா என்ற இந்தச் சோதனையைச் செய்யாமல் சொல்லப்படும் எந்த யோசனையும் ஊகமே.

இனி வைத்தியங்களை ஒவ்வொன்றாக எடுப்போம்.

டிரைவரை மாற்றுவது எல்லோரும் முதலில் சொல்வது. அதற்கு உரிய இடம் உண்டு. டிவைஸ் மேனேஜரில் கிராஃபிக்ஸின் பெயர் “மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்” என்று இருந்தால் உண்மையான டிரைவர் விழுந்துவிட்டது. அதைப் போட்டால் தீரும். இன்டெல், ஏஎம்டி, என்விடியா என்று சரியான பெயர் தெரிந்தால், டிரைவர் மாற்றுவது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. அலுவலக லேப்டாப்பில் நிர்வாக உரிமை இல்லாதவருக்கு அது அவர் கையில் இல்லாத வேலையும்கூட. உதவி மையத்துக்காக இரண்டு நாள் காத்திருந்து, டிரைவர் போட்டபின்னும் 300 மெகாஹெர்ட்ஸ் 300-ஆகவே இருக்கும். முதல் யோசனையாக இதைச் சொல்வது, வாங்கியவரின் நேரத்தை வீணாக்கும் தப்பித்தல்.

ரெசல்யூஷனை 2560×1080-க்கு இறக்குவது இரண்டாவது. வட்டம் வட்டமாகிவிடும், ஏனென்றால் இரண்டின் அகல-உயர விகிதமும் ஏறக்குறைய ஒன்றே. அதனால்தான் இது தீர்வுபோலத் தோன்றுகிறது. ஆனால் 49.5 லட்சம் புள்ளிகளுக்குக் காசு கொடுத்தவர் 27.6 லட்சத்தில் வேலை செய்கிறார். பாதியைவிடச் சற்றே அதிகம். ஒவ்வொரு புள்ளியும் ஏறத்தாழ 1.34 மடங்கு இழுக்கப்படுகிறது. முழு எண்ணாக இல்லாத இந்த இழுப்பில் எழுத்தின் ஓரம் சிதையாமல் இருக்க வழியில்லை. 34 அங்குலத்தில் அங்குலத்துக்கு 110 புள்ளிகள் என்ற அடர்த்தி, நடைமுறையில் 82-க்கு இறங்கிவிடுகிறது. நாள் முழுக்கப் படிக்கிற கண்ணுக்கு இது தீர்வு ஆகாது. பழுதை மறைத்து ஒப்படைப்பதை வைத்தியம் என்று ஏற்க நான் தயாரில்லை. திரையின் இயல்பு அளவே 2560×1080 என்றால் கதை வேறு. 2012-இல் எல்ஜி கொண்டுவந்த முதல் 21:9 மானிட்டர் 29ஈஏ93 அப்படிப்பட்டதுதான். அந்த வகைத் திரைக்கு 200 மெகாஹெர்ட்ஸுக்குள் போதும், பழைய லேப்டாப்பும் தாங்கும்.

மூன்றாவது, சொந்தமாக ஒரு மோட் எழுதுவது. இதை நான் மதிக்கிறேன், எல்லையோடு. புதுப்பிப்பை 60-லிருந்து 50 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் தேவை ஏறத்தாழ 265 மெகாஹெர்ட்ஸ். 300-க்குள் நிம்மதியாக அடங்கும். புள்ளி ஒன்றுகூடக் குறையாது. ஆவணம், கோட் எழுதுதல், கணக்குத்தாள் என்ற அன்றாட வேலைக்கு 50 ஹெர்ட்ஸ் குறையாகத் தெரியாது. 60 ஹெர்ட்ஸ் வீடியோவில்தான் சிறு தடுக்கல் தெரியும். கேரள அரசுப் பள்ளிகளில் கைட் நிறுவனத்தின் குனு/லினக்ஸில் படித்து வந்த பிள்ளைகளுக்கு டெர்மினல் அந்நியமல்ல. எக்ஸ்ரேண்டர் என்ற கட்டளையால் லினக்ஸில் மோட் எழுதலாம். ஆனால் எக்ஸ்ரேண்டரில் போட்டது மறு தொடக்கத்தில் போய்விடும், வேலண்ட் அமர்வில் பலிக்காது. விண்டோஸில் இதற்கு கிராஃபிக்ஸ் மென்பொருளும் சில நேரம் நிர்வாக உரிமையும் வேண்டும். சில திரைகள் 50-ஐ ஏற்காது. ஆகவே முதல் அளவுகோலில் முழு மதிப்பெண்; இரண்டாவதிலும் மூன்றாவதிலும் பாதி. செலவு இல்லை என்பது இதன் பெரிய பலம்.

நான்காவது, மானிட்டரின் மெனுவைச் சரிசெய்வது. இதை ஏன் யாரும் முதலில் சொல்வதில்லை என்பதே எனக்கு வருத்தம். இரண்டு படங்களைப் பக்கம்பக்கமாகக் காட்டும் பிபிபி வசதி தவறுதலாக இயக்கப்பட்டிருந்தால், 3440 திரை தன்னை 1720×1440 என்று அறிமுகம் செய்துகொள்ளும். டிஸ்ப்ளேபோர்ட் பதிப்பை 1.1 என்று வைத்திருந்தால் மேல் வேகங்கள் மறைந்துவிடும். யூஎஸ்பி-சி உள்ள திரைகளில் அதிவேக டேட்டா, உயர் ரெசல்யூஷன் என்ற தேர்வு உண்டு. டேட்டாவுக்கு முன்னுரிமை கொடுத்தால் படத்துக்கு நான்கு தடங்களில் இரண்டே மிஞ்சும். பழைய வேகத்தில் அந்த இரண்டும் 8.64 ஜிகாபிட் சுமக்கும். 60 ஹெர்ட்ஸுக்கு அது போதும், 100 ஹெர்ட்ஸுக்குப் போதாது. இவை அனைத்தும் பொத்தான் அழுத்தும் வேலை. உரிமை வேண்டாம், செலவில்லை, நிலைத்து நிற்கும்.

ஐந்தாவது, வழியை மாற்றுவது. கொள்ளளவே காரணம் என்று உறுதியானபின் இதுதான் வேரைத் தொடுவது. டிஸ்ப்ளேபோர்ட் 1.2 சுமக்கும் பயன்பாட்டு அளவு 17.28 ஜிகாபிட், 3440×1440, 60 ஹெர்ட்ஸுக்கு வேண்டியது 7.67 மட்டும். எச்டிஎம்ஐ 300-இல் நின்றுபோன அதே பழைய லேப்டாப்பின் யூஎஸ்பி-சி துளை டிஸ்ப்ளேபோர்ட்டைத் தரக்கூடியதாக இருந்தால், யூஎஸ்பி-சி-யிலிருந்து நேரே டிஸ்ப்ளேபோர்ட்டுக்குப் போகும் ஒரே கேபிளில் சிக்கல் முடிகிறது. துளையின் பக்கத்தில் டிஸ்ப்ளேபோர்ட் சின்னமோ தண்டர்போல்ட் மின்னலோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லா யூஎஸ்பி-சி துளையும் படம் தராது. நடுவில் எச்டிஎம்ஐ-க்கு மாற்றும் அடாப்டரை நுழைத்தால் கொள்ளளவு மீண்டும் 4கே-30 எல்லைக்குள் சிக்கலாம். சாதாரண யூஎஸ்பி வழியே படத்தைச் சுருக்கி அனுப்பும் டிஸ்ப்ளேலிங்க் பெட்டிகளும் உண்டு. அவற்றுக்குத் தனி டிரைவர் வேண்டும் என்பதால் பூட்டிய அலுவலக லேப்டாப்பில் முன்கூட்டியே அனுமதி கேட்காமல் வாங்கக்கூடாது.

வைத்தியம் இவ்வளவு. பொறுப்பு யாருடையது?

திரை பெரும்பாலும் குற்றமற்றது. அலுவலக லேப்டாப்பும் தன் சிப்பின் எல்லைக்குள்தான் நடந்துகொள்கிறது. குற்றம் இரண்டையும் இணைத்துவிடலாம் என்று எண்ண வைத்த அரைகுறைத் தகவலில் இருக்கிறது. 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளின் தரம், அளவு, தரநிலை பற்றித் தெரிவிக்கப்படுவதை நுகர்வோரின் உரிமையாக வைக்கிறது. “4கே” என்று எழுதி ஹெர்ட்ஸை விட்டுவிடுவது அந்த உரிமையின் உணர்வுக்கு எதிரானது என்பதே என் வாதம். எதிர்வாதமும் உண்டு: வாங்குகிறவர் தன் லேப்டாப்பின் விவரத்தைத் தெரிந்துகொண்டு வர வேண்டாமா? வேண்டும்தான். ஆனால் லேப்டாப்பின் விவரத்தாளிலேயே அந்த இரட்டை எண் இல்லாதபோது, தேடியும் கிடைக்காத ஒன்றுக்கு அவரைக் குறை சொல்வது நியாயமாகாது.

எல்லையோர மக்களுக்கு இந்தச் சட்டத்தில் இன்னொரு பலன் இருக்கிறது. அது பரவலாகத் தெரிய வேண்டும். 1986-இன் பழைய சட்டப்படி, கடை இருக்கும் இடத்திலோ வழக்குக் காரணம் எழுந்த இடத்திலோதான் புகார் கொடுக்க முடியும். மார்த்தாண்டத்தில் வாங்கியவர் நாகர்கோவிலுக்கு அலைய வேண்டியிருந்தது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் 34-ஆம் பிரிவு, புகார்தாரர் வசிக்கும் அல்லது வேலை செய்யும் இடத்து மாவட்ட ஆணையத்திலேயே புகார் தர வழிசெய்கிறது. பாறசாலைக்காரர் எல்லை தாண்டி வாங்கிய பொருளுக்குத் திருவனந்தபுரத்தில் புகார் தரலாம். களியக்காவிளைக்காரர் திருவனந்தபுரத்தில் வாங்கியதற்குக் கன்னியாகுமரி மாவட்ட ஆணையத்தை நாடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் வழக்குக்குச் சான்று வேண்டும்: அட்டைப் பெட்டியின் வாசகம், பில், சிக்னல் மோட் பக்கத்தின் படம், மானிட்டர் மெனுவின் படம். நோயைக் கண்டுபிடிக்க எடுத்த அதே இரண்டு படங்கள் இங்கேயும் உதவுகின்றன.

ஆகவே என் தீர்ப்பு இது. முதலில் இரு பக்கச் சிக்னலையும் படியுங்கள். இரண்டாவது மானிட்டர் மெனு. மூன்றாவது, மானிட்டரின் பெயர் தெரியாவிட்டாலோ திரை மின்னினாலோ கேபிள். கொள்ளளவு போதாவிட்டால் டிஸ்ப்ளேபோர்ட் வழி. லேப்டாப்பில் அந்த வழியே இல்லையென்றால் 50 ஹெர்ட்ஸ் மோட் மதிப்புள்ள சமரசம். பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்ற பெயர் கண்ணில் பட்டால் மட்டுமே டிரைவர் முந்தலாம். ரெசல்யூஷனை இறக்கி வைத்துவிட்டுப் போவதை நிரந்தரத் தீர்வாக யாரும் ஏற்கக்கூடாது.

கடைகளிடமும் தயாரிப்பாளர்களிடமும் கேட்க வேண்டியது ஒன்றே: ஒவ்வொரு துளைக்கும் எதிரே அதிகபட்ச ரெசல்யூஷனையும் அதே வரியில் ஹெர்ட்ஸையும் அச்சிடுங்கள். அது வரும்வரை, பணம் கட்டும் முன் உங்கள் சொந்த லேப்டாப்பைக் கடைக்குக் கொண்டுபோய், வாங்கப்போகும் அதே கேபிளில், அதே திரையில் 3440×1440, 60 ஹெர்ட்ஸ் நிற்கிறதா என்று பார்த்த பிறகே பில் போடச் சொல்லுங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாத கடையில் அகலத் திரை வாங்க வேண்டாம்.